பாசமிகு குடும்பமும் ஒரு மூத்திரச் சட்டியும்

பாரிஸ். பதினெட்டாம் நூற்றாண்டு. நடுராத்திரி. ஓவியர் ஒருவர் திடுக்கிட்டுக் கண் விழிக்கிறார். ராத்திரி விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் கட்டில் அருகே மனைவி. கையில் மூத்திரச் சட்டி. கொட்டிவிட்டு வரப் போகிறார் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. புருஷனின் மண்டையைக் குறிபார்த்து ஓங்கிக்கொண்டிருந்தார்!

சொன்னது நானில்லை. அந்த ஓவியரே மனைவிமேல் எழுதிவைத்த புகாரில் இப்படிச் சொல்கிறார். சரி, குடும்பம் என்றிருந்தால் சட்டி பானை பறக்காதா என்பீர்கள். விஷயம் அதுவல்ல. இந்த மனிதர் எதை வரைந்து பெயர் வாங்கினார் தெரியுமா? பாசமான அப்பா, அடக்கமான மனைவி, பணிவான பிள்ளைகள். நல்ல குடும்பம் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று பிரான்ஸ் தேசத்துக்கே பாடம் எடுத்தவர் இவர்தான்!

பெயர் ழான்-பாப்டிஸ்ட் க்ரூஸ். 1725-இல் பர்கண்டிப் பக்கம் தூர்னூ என்ற ஊரில் பிறந்தார். அப்பா கூரை போடுகிறவர். தன் பிள்ளையாவது கூரைக்குக் கீழே இருக்கிற கட்டடத்தையும் சேர்த்துக் கட்டும் ஆர்க்கிடெக்ட் ஆகவேண்டும் என்று அவருக்கு ஆசை. நியாயமான புரமோஷன்தானே? பையன் ஓவியன்தான் ஆவேன் என்று நின்றான். அப்போது அப்பாவின் முகம் போன போக்கை யாராலும் ஊகிக்க முடியும். பிற்காலத்தில் கோபக்கார அப்பாக்களை வரைய க்ரூஸ் மாடல் தேடி அலைந்திருக்க வேண்டியதே இல்லை!

லியோன் நகரில் தொழில் கற்றுக்கொண்டு, 1750 வாக்கில் பாரிஸ் வந்தார். 1755-இல் ராஜாங்க ஓவிய அகாடமி நடத்திய சலோன் கண்காட்சியில் ஒரு படம் வைத்தார். கிராமத்து வீடு ஒன்றில் அப்பா பைபிள் படிக்கிறார், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான் படம். பாரிஸ் பெரிய மனிதர்கள் உருகிவிட்டார்கள். ராத்திரி முழுக்கச் சீட்டாடிவிட்டு, அடுத்தவர் மனைவியோடு வண்டியில் வந்து இறங்கி, "ஆஹா, கிராமத்து ஒழுக்கமே ஒழுக்கம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. ஒழுக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டால், வீட்டுக்குள் வேறெங்கும் வைக்கவேண்டிய அவசியம் இல்லையே!

அதே வருஷம் ஒரு பாதிரியார் தயவில் இத்தாலிக்கு டூர். ஓவியர்களுக்கு இத்தாலி என்றால் ரஃபேல், மைக்கலேஞ்சலோ, இடிந்த ரோமாபுரிக் கோயில்கள். இவற்றைப் பார்த்துப் பார்த்து ஞானம் பெற்றுத் திரும்புவார்கள். நம்மவரும் ரோமில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தார். வேலைக்காரப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் கூடை. படத்தின் பெயர் என்னவோ? உடைந்த முட்டைகள்! இரண்டாயிரம் வருஷ நாகரிகம் ஜன்னலுக்கு வெளியே கிடக்க, நம் ஆள் பார்த்தது ஆம்லெட்டுக்குத் தேறாத முட்டையை.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதுதான் அவர் பலம். மற்றவர்கள் வானத்துத் தேவதைகளை வரைந்துகொண்டிருந்தபோது இவர் சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். 1761-இல் அந்தப் பலம் உச்சத்துக்குப் போனது. படம், ஒரு கிராமத்துக் கல்யாணப் பேச்சு. பன்னிரண்டு பேர். அப்பா மாப்பிள்ளை கையில் வரதட்சணைப் பையைக் கொடுத்துவிட்டு அட்வைஸ் செய்கிறார். (பையை வாங்கிய பிறகு அட்வைஸ் காதில் ஏறுமா என்று அந்தக் கால மாமனார்களும் யோசிக்கவில்லை.) அம்மா பெண்ணின் கையை விடமாட்டேன் என்கிறாள். நோட்டரி பத்திரம் எழுதுகிறார். கீழே தரையில் கோழியும் குஞ்சுகளும் இரை பொறுக்குகின்றன. அந்தக் கோழியைக்கூட விடாமல், அதுவும் ஒரு தாய்தானே என்று விமர்சகர்கள் உருகினார்கள்!

கண்காட்சி முடியப் போகிற கடைசி நாட்களில்தான் படம் வந்து சேர்ந்தது. லேட்டாக வந்தால் ஹீரோ என்ட்ரி மாதிரிதானே? கூட்டம் நெருக்கியடித்தது. அப்போதைய ராஜா பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் பாம்பதூரின் தம்பியே படத்தை வாங்கினார். பாரிஸின் இத்தாலிய நாடகக் கம்பெனி ஒன்று, நடிகர்களை மேடையில் அப்படியே அசையாமல் நிறுத்தி இந்தப் படத்தை உயிரோடு காட்டியது. பிறகு 1782-இல் பதினாறாம் லூயி ராஜாவுக்காக இதே படத்தை வாங்கினார்கள். விலை 16,650 லிவ்ர். ஊரே வறுமையில் கிடந்தபோது, ஏழைக் குடியானவன் வீடு எவ்வளவு இனிமையானது என்று பார்க்க ராஜா கொடுத்த டிக்கெட் காசு அது!

க்ரூஸுக்கு ஒரு பி.ஆர்.ஓ. இருந்தார். சாதாரண ஆளில்லை, மகா தத்துவஞானி தீதரோ. கலைக்களஞ்சியம் தொகுத்தவர், எல்லாவற்றையும் சந்தேகிப்பவர், எதற்கும் அசராதவர். அவரை க்ரூஸ் ஒரு செத்த குருவியை வைத்து வீழ்த்திவிட்டார். 1765 சலோன். இறந்துபோன பறவைக்காகக் கண்ணீர்விடும் ஒரு பெண்ணின் படம். தீதரோ அதன் முன்னால் நின்று, படத்துப் பெண்ணோடு பக்கம் பக்கமாக உரையாடி எழுதித் தள்ளினார். நீ அழுவது குருவிக்காக இல்லையம்மா, வேறு ஏதோ நடந்திருக்கிறது, என்னிடம் சொல் என்கிற ரீதியில் விசாரணை. ஐம்பதைத் தாண்டிய தத்துவஞானி கித்தானைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த வாட்ச்மேன் என்ன நினைத்தாரோ!

ஒன்று கவனித்தீர்களா? முதலில் உடைந்த முட்டை. 1763-இல் உடைந்த கண்ணாடி. பிறகு செத்த குருவி. பிறகு உடைந்த குடம். அந்தக் கடைசிப் படத்தை ஆசைப்பட்டு வைத்திருந்தவர் பதினைந்தாம் லூயியின் இன்னொரு காதலி மதாம் து பாரி. பெண்ணின் பெயர் கெட்டது என்பதை நாசூக்காகச் சொல்லும் உத்தியாம் இந்த உடைசலெல்லாம். ஒழுக்கமும் சொன்னமாதிரி ஆச்சு, பார்க்கிறவர்கள் கற்பனைக்கும் தீனி போட்டமாதிரி ஆச்சு. க்ரூஸ் தெருவில் ஒருவன் பாத்திரக்கடை வைத்திருந்தால் மூன்று தலைமுறைக்குச் சொத்து சேர்த்திருப்பான்.

இப்போது மூத்திரச் சட்டிக்கு வருவோம்.

நதிக்கரையில் ஒரு புத்தகக் கடை. கடைக்காரரின் மகள் ஆன்-காப்ரியேல் பாபுத்தி. பேரழகி. இவரைப் பார்க்கவே ஆண்கள் புத்தகம் வாங்க வந்தார்கள். பாரிஸில் படிப்பறிவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாடிக்கையாளர்களில் ஒருவர் நம் தீதரோ. இளவயதில் அந்தப் பெண்மேல் தனக்கொரு மயக்கம் இருந்ததையும், வேண்டுமென்றே கொஞ்சம் விவகாரமான புத்தகங்களாகக் கேட்டு அவளைச் சீண்டியதையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். எங்கே தெரியுமா? க்ரூஸ் வரைந்த க்ரூஸ் மனைவியின் படத்துக்கு எழுதிய விமர்சனத்தில்!

க்ரூஸும் புத்தகம் வாங்கத்தான் போனார். அவர் சொல்கிற கதைப்படி, அந்தப் பெண்ணே ஒருநாள் நேரடியாகக் கேட்டாராம்: நான் சம்மதித்தால் என்னைக் கட்டிக்கொள்வீர்களா? நம்மவர் மரியாதைக்கு ஏதோ சொன்னார். உங்களைப்போன்ற ஒருவரோடு வாழக் கொடுத்து வைத்திருக்கவேண்டும், இத்யாதி. மறுநாளே காதில் புதுத் தோடு போட்டுக்கொண்டு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் அந்த அம்மணி. தோட்டில் இருந்த கல் போலி. கல்யாணம் மட்டும் அசல். 1759.

அதன்பிறகு நடந்ததெல்லாம் க்ரூஸின் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அவருடைய படங்களை அச்சில் செதுக்கி விற்றதில் பணம் கொட்டியது. கணக்கு மனைவி கையில். ஒருநாள் கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டார். கிழித்தாகிவிட்டது. ஏன்? இஷ்டம். காதலர்கள் வேறு வீட்டுக்கு வந்து போனார்கள் என்கிறார். இதெல்லாம் புகார்தாரர் வாக்குமூலம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆன்-காப்ரியேல் பேனா எடுத்திருந்தால் மூத்திரச் சட்டிக்கும் ஒரு தன்னிலை விளக்கம் கிடைத்திருக்கும்!

தீதரோ மட்டும் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் வைக்கவில்லை. 1767-இல் க்ரூஸை ரஷ்யாவுக்கு அழைக்கலாமா என்று ஒரு பேச்சு அடிபட்டது. அங்கே வேலையாக இருந்த சிற்பி ஃபால்கொனேவுக்கு தீதரோ எழுதிய கடிதத்தில், க்ரூஸ் நல்ல கலைஞன், ஆனால் அந்த மனைவி உலகத்தின் அபாயகரமான பிறவிகளில் ஒன்று, மகாராணி காதரின் ஒருநாள் அவளை சைபீரியாவுக்கு ஒரு ட்ரிப் அனுப்பினாலும் ஆச்சரியமில்லை என்கிற அர்த்தத்தில் எழுதினார். புத்தகக் கடை வாசலில் வழிந்த அதே தீதரோதான்!

மனைவியை விட்டுவிடுவோம். க்ரூஸுக்கு அதைவிடப் பெரிய காதல் ஒன்று இருந்தது. க்ரூஸ்மேல் க்ரூஸுக்கு. பிரெஞ்சுப் பட்டத்து இளவரசர் ஒருமுறை இவர் வரைந்ததை மெச்சி, பக்கத்தில் இருந்த தன் மனைவியையும் வரையச் சொன்னாராம். இவர் அந்த அம்மையாரின் முகத்தில் இருந்த மேக்கப்பைப் பார்த்துவிட்டு, பூச்சு பூசிய முகங்களை எனக்கு வரையத் தெரியாது என்றாராம். கூரை போடுகிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பூச்சு வேலையில் ஆர்வமில்லை போலும்!

தீதரோகூட ஆரம்பத்தில் செல்லமாகவே எடுத்துக்கொண்டார். இவர் கர்வம் குழந்தையின் கர்வம், திறமையின் போதை, அதைப் பிடுங்கிவிட்டால் நெருப்பும் அணைந்துவிடும் என்று எழுதினார். அழகான வாதம். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை கத்தினால்தான் அது சங்கீதம்; நம் வீட்டுக்குள் வந்து கத்தினால்?

அந்தக் குழந்தை அகாடமிக்குள் வந்து கத்தப் போகிறது. அதற்குமுன் அகாடமியைப் பற்றி இரண்டு வார்த்தை. ராஜாங்க ஓவிய அகாடமியில் ஒரு ஜாதிப் படிக்கட்டு இருந்தது. மேல்படியில் சரித்திர ஓவியர்கள்: பைபிள், கிரேக்கப் புராணம், ரோமானிய வீரர்கள். அடுத்து முகச்சித்திரக்காரர்கள். அதற்கும் கீழே அன்றாட வாழ்க்கை வரைகிறவர்கள். அடிப்படியில் பழமும் பாத்திரமும் செத்த மீனும். சீசரை நீங்கள் எவ்வளவு மோசமாக வரைந்தாலும் பெரிய மனிதர். ரொட்டி சுடும் கிழவியை உயிரோடு கொண்டுவந்தாலும் சின்ன மனிதர். பேராசிரியர் நாற்காலி மேல்படிக்காரர்களுக்கு மட்டும். செம்புப் பானையை வரைந்தே மகாமேதையான ஷார்தானுக்கு என்ன பொறுப்பு கொடுத்தார்கள்? கஜானாக் கணக்கு, அப்புறம் சலோனில் மற்றவர்கள் படங்களைச் சுவரில் எங்கே மாட்டுவது என்கிற வேலை!

1755-லேயே க்ரூஸை அகாடமி தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டது. முழு உறுப்பினராக வேண்டுமென்றால் தகுதிப் படம் ஒன்று கொடுக்கவேண்டும். மாதக்கணக்கில் முடியவேண்டிய வேலை. நம்மவர் எடுத்துக்கொண்டது பதினான்கு வருஷம். பொறுத்துப் பார்த்த அகாடமி, படம் தராவிட்டால் சலோனில் இடம் இல்லை என்று பணிவாக ஒரு கடிதம் எழுதியது. அதற்கு க்ரூஸ் எழுதிய பதிலின் திமிரைப் பார்த்து தீதரோவே வாயடைத்துப் போனார். அப்படி எழுதுகிறவன் கையோடு ஒரு மாஸ்டர்பீஸையும் அனுப்பியிருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. க்ரூஸ் அனுப்பியது கடிதம் மட்டும்.

கடைசியில் 1769 ஆகஸ்டில் படம் வந்தது. வீடு இல்லை, கோழி இல்லை, குடம் இல்லை. ரோமானியச் சக்கரவர்த்தி செப்டிமியஸ் செவரஸ்! ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது மகன் கரகல்லா அப்பாவைக் கொல்லப் பார்த்தான். படுக்கையில் சாய்ந்திருக்கும் அப்பா மகனைக் கூப்பிட்டு, நான் சாகவேண்டும் என்றால் ஆளைவிட்டு முடித்துவிடேன் என்று கண்டிக்கிறார். மகன் உர்ரென்று நிற்கிறான். பார்த்தீர்களா வேடிக்கையை? பதினான்கு வருஷம் யோசித்து, ரோமாபுரி வரை போய், சக்கரவர்த்தியைப் பிடித்து, கடைசியில் இவர் வரைந்தது மறுபடியும் அப்பா-பிள்ளை சண்டை! அதே குடும்ப சீரியல்தான். காஸ்ட்யூம் மட்டும் மாற்றம்.

க்ரூஸ் வெளி அறையில் காத்திருக்கிறார். உள்ளே உறுப்பினர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். கதவு திறக்கிறது. அகாடமி உங்களை ஏற்றுக்கொண்டது, வந்து உறுதிமொழி எடுங்கள் என்கிறார் டைரக்டர். நம்மவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுக்கிறார். அப்புறம்தான் குண்டு. ஏற்றுக்கொண்டது சரித்திர ஓவியராக இல்லை, அன்றாடக் காட்சி வரைபவராக. அதுவும் உங்கள் பழைய படங்களுக்காக. இந்தப் படத்தைப் பார்த்ததாகவே நாங்கள் காட்டிக்கொள்ளப் போவதில்லை என்கிற மாதிரி சொன்னார்கள். அட்மிஷன் கிடைத்தது, கேட்ட குரூப் கிடைக்கவில்லை!

க்ரூஸ் கொதித்து வாதாடினார். உடனே லாக்ரனே என்ற சக ஓவியர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, எங்கெங்கே தப்பு என்று அந்தக் கித்தான்மேலேயே குறித்துக் காட்டத் தயாராகிவிட்டாராம். நாற்பத்து நான்கு வயதுக்காரருக்கு ஹோம்வொர்க் திருத்தம்! நம்மவர் பத்திரிகைக்கு விளக்கக் கடிதம் எழுதினார். ஒருவன் விளக்கக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டான் என்றால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். அது எல்லாக் காலத்துக்கும் பொது.

ஆத்திரத்தில் சலோனையே பாய்காட் செய்தார். முப்பது வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நஷ்டம் யாருக்கு என்று கேட்பீர்கள். ஆச்சரியம், இவருக்கு இல்லை! தன் ஸ்டூடியோவிலேயே கண்காட்சி நடத்தினார். பாரிஸ் வந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசஃப் நேரில் வந்து பார்த்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டார். 1777-இல் பாகம் ஒன்று: வீட்டைவிட்டுப் பட்டாளத்துக்கு ஓடும் மகனை அப்பா சபிக்கிறார். 1778-இல் பாகம் இரண்டு: மகன் திரும்பி வருகிறான், அப்பா பிணமாகக் கிடக்கிறார். ஜனம் கண்ணீர்விட்டது. செவரஸ் சக்கரவர்த்தி செய்யமுடியாததைப் பெயரில்லாத ஒரு கிராமத்து அப்பா செய்துவிட்டார். அதை மட்டும் க்ரூஸ் கடைசிவரை கவனிக்கவே இல்லை!

பிறகு வந்தது 1793. அந்த வருஷம் நம்மவருக்குப் பழி தீர்த்த வருஷம் என்றே சொல்லவேண்டும். புரட்சி அரசு புதிதாகக் கொண்டுவந்த சட்டப்படி மனைவியிடமிருந்து விவாகரத்து கிடைத்தது. அதே வருஷம் அதே அரசு அவரை அவமானப்படுத்திய அகாடமியை இழுத்து மூடியது. இரண்டு எதிரிகளும் ஒரே சீசனில் அவுட்! ஆனால் படம் வாங்குகிற ராஜாவின் தலையும் அதே வருஷம்தான் போனது.

பென்ஷன் போச்சு. சேமிப்பு கரைந்தது. ஃபேஷனும் மாறியது. புது ஹீரோ ஜாக்-லூயி தாவித். அவரைப் புகழின் உச்சிக்குத் தூக்கிய படம் 1785 சலோனில் வந்தது. என்ன படம்? ரோமாபுரி. ஒரு அப்பா. மூன்று பிள்ளைகள். சபதம். அடப்பாவி, பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே ரோமானிய அப்பா-பிள்ளைக் கடையை விரித்ததற்காகத்தானே ஒரு மனிதனைப் பென்சிலைக் காட்டி விரட்டினீர்கள்? டைமிங் என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எந்த அகாடமியிலும் சொல்லித்தருவதில்லை.

1800-இல், எழுபத்தைந்து வயதில், வைராக்கியத்தை விழுங்கிவிட்டு சலோனுக்குத் திரும்பினார். மறுவருஷம் மந்திரிக்கு ஒரு மனு. கையில் ஒரு ஆர்டரும் இல்லை, எல்லாம் போய்விட்டது, மிச்சம் இருப்பது திறமையும் தைரியமும்தான் என்று எழுதினார். கவனியுங்கள், உதவி கேட்கிற கடிதத்திலும் திறமையை லிஸ்ட்டில் சேர்க்க மறக்கவில்லை! அரசாங்கம் மனமிரங்கி நெப்போலியன் படத்தை வரையக் கொடுத்தது. 1805 மார்ச்சில் க்ரூஸ் காலமானார். கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது மகள். வாழ்நாள் முழுக்க வரைந்த பாசமுள்ள பிள்ளைகளில் ஒன்றாவது நிஜமாகவே வீட்டில் இருந்திருக்கிறது.

2025-இல் அவர் பிறந்த முந்நூறாவது ஆண்டுக்கு பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்தது. தலைப்பில் இருந்தது குழந்தைப் பருவம். ரோமானியச் சக்கரவர்த்திகள் அல்ல. எது நமக்குத் தானாக வருகிறதோ அது நமக்கே சீப்பாகத் தெரியும். எது வராதோ அதற்காகப் பதினான்கு வருஷம் தவம் கிடப்போம். க்ரூஸ் அதைக் கொஞ்சம் பெரிய கித்தானில் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவருக்குக் கிடைத்த உச்சபட்ச கௌரவம் எந்த அருங்காட்சியகமும் கொடுத்ததல்ல. கானன் டாயில் எழுதிய 'பயங்கரப் பள்ளத்தாக்கு' நாவலில் புரொஃபசர் மோரியார்ட்டி வருகிறார், ஷெர்லக் ஹோம்ஸின் பரம வைரி. அவருடைய அறைச் சுவரில் ஒரு க்ரூஸ் படம் மாட்டியிருக்கிறது. ஓர் இளம்பெண், கைமேல் தலையைச் சாய்த்தபடி ஓரக்கண்ணால் பார்க்கிறாள். ஹோம்ஸ் கணக்குப் போடுகிறார்: வாத்தியாருக்குச் சம்பளம் வருஷத்துக்கு எழுநூறு பவுண்டு; க்ரூஸ் படம் விற்கிற விலையோ எங்கேயோ இருக்கிறது. அப்படியென்றால் பணம் எங்கிருந்து வந்தது? ஆள் திருடன்! ஆயுள் முழுக்க நேர்மையையும் ஒழுக்கத்தையும் போதித்த மனிதரின் படம், மாட்டிவைத்தவன் அயோக்கியன் என்பதற்கு முதல் தர சாட்சியாகிவிட்டது. ஒரு நீதிபோதகருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா, சொல்லுங்கள்!